காயத்தின் நிறம்

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, மேசை விளக்கைத் தம்பியின் முகத்துக்கு நேராக வளைத்தாள் அக்கா. பிறகு நெற்றியில் ஒட்டியிருந்த பஞ்சை நுனி பிடித்து மெதுவாக உரித்தெடுத்தாள்.

தையல் இடது புருவத்துக்கு மேலே ஆரம்பித்து கன்னத்து எலும்பு வரை இறங்கியிருந்தது. கோணி தைத்த மாதிரி கறுப்பு நூல். அந்தப் பக்கத்துக் கண் வீங்கி, வேறு யாரோ ஒருவருடைய கண்ணாகியிருந்தது.

"பொண்ணு மத்தியானத்துக்குள்ள வந்துடுவா அண்ணி," என்றாள் தம்பியின் மனைவி, கதவில் முதுகைச் சாய்த்தபடி. "இந்தக் கோலத்துல அவ அப்பாவப் பாக்கக் கூடாது. உங்களால முடியும்னுதான்..."

"முடியும். நீ போய் கொஞ்சம் உக்காரு."

அவள் போகவில்லை. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

முந்தின நாள் காலையில், பின்னறையில் ஏணி போட்டு, மேல் தட்டிலிருந்து ஒரு புத்தகக் கட்டை இறக்கும்போது தம்பி கால் வழுக்கி விழுந்தான். விழுந்த வேகத்தில் இரும்புத் தட்டின் முனை நெற்றியைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். தைத்ததுதான் மிச்சம், உயிர் தங்கவில்லை.

அக்கா தன் பெட்டியைத் திறந்தாள். பேய்ப் படங்களுக்கு அழுகிய முகமும் அறுந்த கையும் செய்து கொடுப்பது அவள் தொழில். சினிமாக்காரர்களிடம் அவளுக்குப் பெரிய பெயர். வெளியே அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. படம் முடிந்து, ஜனங்கள் இருட்டில் செருப்பைத் துழாவிக்கொண்டு எழுந்திருக்கும் நேரத்தில்தான் அவள் பெயர் திரையில் ஓடும்.

முன்பு தம்பியும் அவளிடம்தான் வேலை பார்த்தான். ரத்தம் கலப்பது அவன் வேலை. சர்க்கரைப் பாகும் சாயமுமாக வாளி வாளியாகக் கலப்பான். படப்பிடிப்பில் எல்லோரும் அவனை "ரத்தம்" என்றே கூப்பிட்டார்கள். "ரத்தம் சாப்டாச்சா?" "ரத்தத்துக்கு இன்னைக்குக் காய்ச்சலாம்." அவனும் சிரித்துக்கொண்டே திரிந்தான்.

ஒரு படத்துக்கு அக்கா ராப்பகலாக உழைத்து ஒரு கிழவிப் பேயைச் செய்தாள். கண்ணிமை தனியாக, நரம்பு தனியாக, ஒவ்வொரு மயிராக நட்டு. இயக்குநர் அதை இருட்டு மூலையில் நிறுத்தி, கண் மூடித் திறப்பதற்குள் காட்சியை வெட்டிவிட்டார். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் அக்கா கத்தித் தீர்த்தாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அக்கா, சரியா தெரியாததனாலதான் ஜனங்க கத்துனாங்க. காட்டாமலே விட்டிருந்தா இன்னும் பயந்திருப்பாங்க."

அன்றிலிருந்து கொஞ்ச நாளில் வேலையை விட்டான். பேய்க்கதை எழுதப்போகிறேன் என்றான். பதிப்பகங்கள் கையை விரித்தன. தானே அச்சடித்து, தானே கட்டி, தானே அனுப்பினான். "போடா, பசிச்சா திரும்பி வருவ," என்று அக்கா சொல்லியிருந்தாள். அவன் வரவில்லை. வாசகர்கள்தான் வந்தார்கள். முதலில் ஒருவர் இருவராக, அப்புறம் புத்தகக் கடைகளே கேட்டு வாங்கும் அளவுக்கு.

"படிச்சியாக்கா?" என்று முதல் புத்தகத்துக்குக் கேட்டான். இரண்டாவதுக்கும் கேட்டான். "எங்கடா நேரம்," என்றாள். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.

அவள் ஒன்று விடாமல் படித்திருந்தாள். தொடங்கினால் கீழே வைக்க முடியாது. முடித்ததும் வயிற்றெரிச்சல் தாங்காது. மெழுகு வேண்டாம், விளக்கு வேண்டாம், தயாரிப்பாளர் வீட்டு வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் நாலு வார்த்தை எழுதி, முகம் தெரியாத யாரையோ எழுந்து போய்த் தாழ்ப்பாளைச் சரிபார்க்க வைத்துவிடுகிறான். பிறகு அவள் குற்றம் கண்டுபிடிக்க உட்காருவாள். ஒரு நாவலில் ஒரு பிணத்தின் தையல் போட்ட காயத்தைப் பற்றி எழுதியிருந்தான். ஓரமெல்லாம் ஆறிப்போன பாலேட்டின் நிறம், உள்ளே ஈரச் சாம்பல், சிவப்பு எங்கேயும் இல்லை என்று. அதைப் படித்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை வருஷம் ரத்தம் கலந்த பயலுக்கு, காயம் எப்படியிருக்கும் என்றுகூடத் தெரியவில்லை!

இப்போது விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். ஓரமெல்லாம் ஆறிப்போன பாலேட்டின் நிறம். உள்ளே ஈரச் சாம்பல். சிவப்பு எங்கேயும் இல்லை.

அவள் கை அப்படியே நின்றது. எத்தனை படம், எத்தனை முகம். எல்லாவற்றுக்கும் சிவப்பாகவே செய்து கொடுத்திருக்கிறாள்.

"இவனுக்கு இது எப்பிடித் தெரியும்?" என்றாள், தனக்குத்தானே கேட்பது போல.

"எது அண்ணி?"

"காயம். ஒரு புத்தகத்துல எழுதியிருக்கானே."

தம்பி மனைவி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் புத்தகத்தை அண்ணி படித்தது எப்போது என்று கேட்பாள் என அக்கா எதிர்பார்த்தாள். அவள் கேட்கவில்லை.

"பிணவறையில போய் நின்னு பாத்துட்டு வந்தார். யார் யாரையோ கெஞ்சி அனுமதி வாங்கி. வந்து ரெண்டு மூணு நாள் சோறே எறங்கல. அந்த ஒரு பக்கத்தையே எத்தனையோ தடவை கிழிச்சுக் கிழிச்சு எழுதினார்."

அக்கா எந்தப் பிணவறைக்கும் போனதில்லை. மற்றவர்கள் படத்தில் செய்த காயங்களைப் பார்த்துத்தான் அவள் காயம் செய்யக் கற்றுக்கொண்டாள். செத்துக் கிடக்கிறவன் மேல் இப்போதும் பொறாமை வந்தது. அது வந்த வேகத்தில் அவளுக்கே கூசியது. ஆனாலும் போகவில்லை.

வேலையை ஆரம்பித்தாள். நூல் முடிச்சுகளை ஒட்டக் கத்தரித்தாள். மெழுகை விரல்சூட்டில் இளக்கி, பள்ளத்தில் நிரப்பி, ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோலோடு சேர்த்தாள். வீங்கிய கண்ணுக்கு ஈடாக மறு இமையிலும் மெழுகைப் பூசிச் சமப்படுத்தினாள். அந்த மூக்கு அப்பாவின் மூக்கு, அவளுடைய மூக்கும்தான். நிறத்துக்கு வேறெங்கும் தேடவில்லை. தன் முன்கையிலேயே வைத்துப் பார்த்தாள், பொருந்தியது. புருவத்தில் குறைந்த இடத்துக்கு ஒவ்வொரு மயிராக நட்டாள். கடைசியில், நெற்றியில் அவனுக்கு எப்போதும் இருந்த கோட்டை நகநுனியால் இழுத்தாள்.

தம்பி மனைவி கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தூங்குற மாதிரியே இருக்கு அண்ணி."

மத்தியானம் மகள் வந்தாள். வந்த வேகத்தில் பையைப் போட்டுவிட்டு, அப்பா முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில் முகத்தை வைத்து அழுதாள். சரியாக மெழுகு வைத்த இடத்தில். அக்கா ஓரடி முன்னால் வந்தாள். கன்னத்தில் மெழுகோடு பெண் நிமிர்ந்தால் என்ன செய்வது? ஆனால் அவள் நிமிர்ந்தபோது எதுவும் கலைந்திருக்கவில்லை.

"அடி பட்டுச்சுன்னு சொன்னீங்க? ஒண்ணுமே இல்லையே, அத்தை."

"லேசாத்தாம்மா," என்றாள் அக்கா.

வருகிறவர்களெல்லாம் அதையே சொன்னார்கள். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல வேளை. அக்கா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கையால் செய்ததிலேயே ஒசத்தியான வேலை அதுதான். அது ஒரு வேலை என்பதே இந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வந்தவர்களில் பாதிப் பேர் வாசகர்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் தம்பியின் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு பக்கத்தில் வந்து, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"அக்கா."

"குடுத்து வெச்சவங்க நீங்க. இவர் கதையைப் படிச்சுட்டு நான் மாசக்கணக்கா வெளக்கை அணைக்காமத் தூங்கியிருக்கேன். தலையில பெரிய காயம்னாங்க, நல்ல வேளை, முகத்துல ஒண்ணும் இல்ல."

"இருக்கு," என்றாள் அக்கா.

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் வாய் நிற்கவில்லை. "இந்தப் புருவத்துலேர்ந்து கன்னம் வரைக்கும். நான்தான் மறைச்சேன். பேய்ப் படத்துக்கெல்லாம் முகம் செய்யுறது என் தொழில்."

அந்தப் பெண் திரும்பிப் போய்க் குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியலைங்க. அந்தக் காயத்தை அவர் எழுதியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அக்கா அவளையே பார்த்தாள். அந்தப் பெண் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை.

"ஆமா," என்றாள். "தெரிஞ்சிருக்கும்."

சாயங்காலம் வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. மனைவியும் மகளும் மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே என்று அக்கா தங்கிவிட்டாள். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் மணி அடித்தது.

பார்சல் எடுக்கிறவர். "சார் இல்லையாம்மா? நேத்தே வந்திருக்கணும், வண்டி ரிப்பேர். கட்டெல்லாம் ரெடியா இருக்கும்னு சொன்னாரே."

அக்கா பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "உள்ளதான் இருக்கும். இருங்க, எடுத்துட்டு வரேன்," என்றாள்.

பின்னறையில் ஏணி இன்னும் அப்படியே சாய்ந்திருந்தது. கட்டுகள் சுவரோரம் விலாசம் ஒட்டி வரிசையாக இருந்தன. ஒன்று மட்டும் தரையில் பிரிந்து கிடந்தது. அவள் உட்கார்ந்து புத்தகங்களை அடுக்கி, பழுப்புத் தாளைச் சுற்றி, ஒட்டு நாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டினாள்.

"ஆச்சாம்மா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஆச்சு, இதோ."

ஒட்டின இடம் தெரியாமல் போகும் வரைக்கும் அந்த நாடாவின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டேயிருந்தாள்.