டோரீனுக்குக் கொடுத்த அனுமதி

சொல்லியிருந்தான், ஒரு தடவையல்ல, மூன்று தடவை, எழுத்திலேயே சொல்லியிருந்தான், அந்த மூன்று மின்னஞ்சல்களும் அச்செடுத்த தாள்களாக லைலின் கையில் கசங்கின, மின்தூக்கிக்காக நிற்கப் பொறுமையில்லை, நான்கு மாடியும் படியேறியே போகிறான், ஒன்பதரைக்குக் கூட்டம், கணினி உதவி மேசை டோரீனை வேலையைவிட்டு அனுப்பும் கூட்டம், அதற்குப் பெயர் 'நிகழ்வு ஆய்வு', த்தூ... பதினோரு வருடமாக இந்த மருத்துவமனையின் நெட்வொர்க் அவன் பொறுப்பு, போன மார்ச்சில் இயக்குநர் பிரென்ட் வந்து மேசையில் தட்டினான், "உதவி மேசையில போன் எடுத்தா பிரச்சினை அங்கேயே முடியணும் லைல், உனக்கு அனுப்பிட்டு ரெண்டு நாள் காத்துக் கிடக்க முடியாது, உன் டூல்ஸ், உன் அனுமதி எல்லாத்தையும் அவங்களுக்கும் குடுத்துடு." எல்லாமா? சர்வர், நெட்வொர்க் சுவிட்ச், அத்தனை பேர் பாஸ்வேர்டுமா என்று லைல் கேட்டான். "நீ எதுக்கெடுத்தாலும் வானம் இடிஞ்சு விழும்ப!" அறையே சிரித்தது, அந்தச் சிரிப்பு இன்னும் காதில் குடைகிறது, இடிந்தே விழுந்ததே, இப்போது சிரியுங்களேன் பார்ப்போம்.

இரண்டாம் மாடி. செவ்வாய்க்கிழமை உதவி மேசைக்கு எவனோ போனில் கூப்பிட்டான், பரிசோதனைக்கூட மென்பொருள் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொன்னான், டோரீன் தன் கணினியை அவனுக்குத் திறந்துவிட்டாள், அவளுடைய அனுமதியோ எல்லா இடத்துக்கும் செல்லும், நாற்பதே நிமிடத்தில் ஒரு திரை மிச்சமில்லை, எல்லாவற்றிலும் அவன் போட்ட பூட்டு, பிரசவ வலியோடு வந்த பெண்ணை எழுபது மைல் தள்ளி ஃபார்கோ மருத்துவமனைக்கு அனுப்பி, அந்தப் பனிப்புயலில்... பிழைத்தார்கள், தாயும் பிள்ளையும், அது யார் புண்ணியமோ. "அவ்ளோ தன்மையா பேசினான் லைல், ஆபரேஷன் அறையில ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காங்கன்னான், நான் எப்படி முடியாதுங்கறது?" என்று நேற்று காபி ஆறவிட்டு அழுதாள், ஐம்பத்தெட்டு வயது, உதவி மேசைக்கு வருமுன் இருபது வருடம் வரவேற்பில் உட்கார்ந்து வலியோடு வருகிறவர்களுக்கெல்லாம் சரி சொல்லியே பழகியவள். நானே திருப்பிக் கூப்பிடுறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? அவள்மேலும் கோபம் வந்தது, சரி, அதை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், ஒரு மணி நேரப் பயிற்சி, அதில் பாதி நேரம் பீட்சா. பிரென்ட் தப்பித்துவிடுவான், கிழவியைப் பலி கொடுத்துவிட்டு மீன் பிடிக்கப் போய்விடுவான், விடக்கூடாது, முகத்துக்கு நேரே இதை வாசிக்க வேண்டும், முதலில் மூன்றாவது மின்னஞ்சல், அதுதான் காரமானது...

மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று அதைப் பிரித்தான். 'உதவி மேசைக்குப் பாஸ்வேர்டு மாற்ற மட்டும் தனி அனுமதி உருவாக்கலாம், எனக்கு இரண்டு நாள் வேலை.' கீழே பிரென்டின் பதில், ஒரே வரி: 'சரி, உனக்கு எது சரியோ அப்படிச் செய்.' இந்த வரி எப்போது வந்தது? வந்ததே, படித்தானே, படித்த மறுநிமிடமே 'முழு அனுமதி' என்ற கட்டத்தில் குறியிட்டுப் பொத்தானை அழுத்தினான், கேட்டீங்கல்ல, வாங்கிக்கங்க, பட்டாத்தான் புத்தி வரும்... அன்று மதியச் சாப்பாடுகூட ருசித்தது. யாருக்குப் புத்தி வரவேண்டுமென்று? டோரீன் என்று ஒருத்தி அங்கே உட்கார்ந்திருப்பது அப்போது நினைவில் இருந்ததா, இல்லையா?

நான்காம் மாடிக் கதவு திறந்தே கிடந்தது. கோட்டைக் கழற்றாமல், பையை மடியில் வைத்தபடி டோரீன் உட்கார்ந்திருந்தாள், அவனைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. "வந்துட்டியா கண்ணு, நீ சொன்னா கேப்பாங்க." பிரென்ட் நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காரு லைல், இவ்ளோ அனுமதி இவங்களுக்கு எப்படிப் போச்சுன்னுதான் பேசிட்டிருக்கோம்." கோபம் அப்படியே இருந்தது, ஒரு சொட்டும் குறையவில்லை, யார்மேல் என்பதுதான் பிடிபடவில்லை, வாயைத் திறந்தான், எந்தத் தாளை முதலில் எடுப்பது...