பஞ்சு வைத்தால் புரியும்

எங்கள் பல் டாக்டருக்கு ஒரு வித்தை தெரியும். வாய் நிறையப் பஞ்சை அடைத்து, ஊசி போட்டு உதட்டை மரத்துப்போக வைத்தபின் நீங்கள் என்ன சொன்னாலும் அவருக்கு அட்சரம் பிசகாமல் புரியும். நீங்கள் "ஆ ஊ ஆஆ" என்பீர்கள். அவர் "அப்படியா? மாப்பிள்ளை என்ன வேலை பாக்கறார்?" என்பார். மகள் கல்யாணத்தைப் பற்றித்தான் சொன்னேன் என்று, கொப்பளித்துத் துப்பியபின் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருப்பவள் நான். எனக்கு இன்றுவரை ஒரு எழுத்துகூடப் புரிந்ததில்லை.

பஞ்சை எடுத்துவிட்டால் கதை முடிந்தது. நீங்கள் மனிதர்களைப் போலத் தெளிவாகப் பேசத் தொடங்கும்போது அவர் திரும்பி நின்று கை கழுவிக்கொண்டிருப்பார். முதுகுதான் "உம்", "சரி" என்று பதில் சொல்லும். மாத்திரையை எப்போது போடுவது, மறுபடி எப்போது வருவது என்பதையெல்லாம் என்னிடம்தான் கேட்க வேண்டும். வாய் திறந்தவர்கள் அவர் இலாகா, வாய் மூடியவர்கள் என் இலாகா. பல வருடங்களாக இப்படித்தான் வண்டி ஓடுகிறது. யாருக்கும் குறையில்லை, அவர் வீட்டம்மாவைத் தவிர.

வீட்டம்மாவின் குறை நியாயமானது. கம்பி போடவும் பல் கட்டவும் வருகிறவர்களின் பல்லை அச்செடுத்து வெள்ளை மாவில் வார்ப்போம். வேலை முடிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். டாக்டருக்கு மனசு வராது. எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கையறை அலமாரியில் அடுக்கினார். அலமாரி நிறைந்ததும் ஜன்னல் திட்டு. அதுவும் நிறைந்ததும் கட்டிலின் தலைமாடு. விளக்கை அணைத்தால் ஊரே கூடி நின்று தன்னைப் பார்த்துப் பல்லை இளிக்கிறது என்பார் அந்தம்மா.

"எத்தன தடவ சொல்லிட்டேன் தெரியுமா? என்னங்க, எனக்குப் பயமா இருக்கு, எடுத்துடுங்கன்னு. உம்னு சொல்லிட்டுக் கை கழுவப் போயிடறார். எங்க வீட்ல எது இருக்கோ இல்லியோ, அவர் கை மட்டும் சுத்தமா இருக்கும். நீயாவது சொல்லேன்மா."

சொன்னேன். எனக்கும் ஒரு "உம்" கிடைத்தது. செவிடன் காதில் ஊதினாலாவது சங்கு தேயாது. எனக்குத் தொண்டை தேய்ந்ததுதான் மிச்சம்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அந்தம்மாவுக்குப் பல் போகப் போய்த்தான் சொல்லே வந்தது. கடைவாய்ப் பல் சொத்தையாகி, கன்னம் வீங்கி, புருஷனின் நாற்காலியிலேயே வந்து படுத்தார். டாக்டர் ஊசி போட்டுப் பஞ்சை வைத்தார். அந்தம்மா கண்ணில் நீரோடு, "ஆ... ஆ ஊ ஆஆ ஊஆ..." என்றார். வலியில் முனகுகிறார் என்று நான் நினைத்தேன். டாக்டர் கையிலிருந்ததை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"ராத்திரியெல்லாம் பயந்துகிட்டா படுத்திருந்த? அடக் கடவுளே! இத்தன வருஷமா ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

வாயில் பஞ்சு இருந்ததால் அவர் விரல் தப்பித்தது.

அன்று மாலையே அத்தனை பல்லும் வீட்டைவிட்டு வெளியேறி என் மேஜைக்கு வந்து சேர்ந்தன. நான் சாப்பிடும்போது அவை என்னைப் பார்த்து இளித்தன. எனக்கென்ன, நான் பயப்படுகிற ஆளில்லை. சிறிய, வரிசையான பற்கள் கொண்ட ஒன்றை மட்டும் பொறுக்கி என் மூக்குக்கண்ணாடி வைக்கும் தாங்கியாக்கிக்கொண்டேன்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்த வாரம் பல் சுத்தம் செய்ய என்று அந்தம்மா வந்தார். ஜன்னல் பக்கம் படுக்க வேண்டும் என்பது நிறைவேறியது. அப்புறம் சாக்கே சொல்லாமல் வந்து நாற்காலியில் ஏறி, தானே பஞ்சை அடைத்துக்கொள்ள ஆரம்பித்தார். சாப்பிடும்போது டிவி கூடாது. நாத்தனாரிடம் பேசும்போது போனை ஸ்பீக்கரில் போடக்கூடாது. தனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தர வேண்டும். எல்லாம் ஆ ஊ என்றே கேட்டார், எல்லாம் கிடைத்தது. வெளியே நிஜமான பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார்கள்.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். முயன்று பார்த்தாராம். பஞ்சு வைத்தும் டாக்டருக்குப் புரியவில்லையாம், வெளிச்சம் போதாதாம். கடைசியில் டார்ச் வாங்கினார்கள். ஃபேன் வேகத்தைக் குறைக்கச் சொல்ல அந்தம்மா வாயைப் பிளப்பார், டாக்டர் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் குறைப்பார். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் வலிக்கிற தாடை அந்தம்மாவுடையது.

ஒரு நாள் அந்தம்மா பெட்டியோடு வந்தார்.

"தாடை விட்டுப்போச்சும்மா. இன்னைக்குப் பஞ்சு வைக்கப் போறதில்ல. வாயப் பிளக்காம, எல்லாரையும் போலப் பேசப் போறேன். காதுல வாங்கினார்னா வீட்டுக்குப் போறேன். இல்லன்னா சாயங்கால பஸ்ல தங்கச்சி வீடு. போனா போனதுதான், திரும்பி வரமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தலையணைகூடப் பெட்டிக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்தார். அந்தம்மா நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். "வாயைத் திற" என்றார் டாக்டர். அந்தம்மா திறக்கவில்லை.

"என்னங்க, நான் பேசும்போது நீங்க என் முகத்தப் பாக்கணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி பேச முடியாது. டாக்டர் "உம்" என்றார். திரும்பினார். குழாயைத் திறந்தார்.

அந்தம்மா இறங்கிப் பெட்டியைத் தூக்கினார். எனக்கு வந்த கோபத்தில் ஓடிப்போய்க் குழாயை மூடினேன். "டாக்டர், அவங்க உங்கள விட்டுட்டுப் போறாங்க!"

"யாரு?" என்று திரும்பினார். பெட்டியைப் பார்த்தார். முகம் பஞ்சைவிட வெளுத்தது. "வாயே திறக்கலியே... எனக்கு எப்படித் தெரியும்?" என்று நோயாளி நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். பாவமாக இருந்தது. கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

வாசல்வரை போனவர் நின்றார். "சரி, உங்களுக்கு என்ன வேணும்? அதயாவது ஒரு நாள் சொல்லியிருக்கீங்களா?"

டாக்டர் வாயைத் திறந்தார். தட்டிலிருந்த பஞ்சை அள்ளித் தன் வாயிலேயே அடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். "ஆ ஊ ஆ! ஊ ஆஆ ஊ..." கை ஆடுகிறது, கண்ணில் நீர் வழிகிறது, நிறுத்தவே இல்லை. அந்தம்மா பெட்டியை வைத்துவிட்டு டாக்டரின் முக்காலியில் வந்து உட்கார்ந்தார். விளக்கை இழுத்து அவர் வாய்க்கு நேரே திருப்பி, முழுவதையும் கேட்டார். பழக்கதோஷத்தில் நான் உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

முடிந்ததும் அந்தம்மா என்னைப் பார்த்தார். "உனக்கு ஏதாவது புரிஞ்சுதா?"

"இல்லக்கா."

"எனக்கும் புரியல." ஒவ்வொரு பஞ்சாக வெளியே எடுத்தார். "இப்ப சொல்லுங்க."

டாக்டர் மறுபடி வாயைப் பிளந்தார். அந்தம்மா மோவாயைப் பிடித்து மூடினார். டாக்டர் உதட்டுக்குள்ளேயே ஏதோ சொன்னார்.

"கேக்கல."

உறிஞ்சு குழாய் போட்ட இரைச்சல். நான் அதை நிறுத்தினேன்.

"போகாத!" என்று கத்தினார் டாக்டர். வெளியே, நேரமாயிற்று என்று எழுந்த ஒருவர் பயந்து திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"அப்புறம்?"

"அந்த அச்சுல ஒண்ணு உன்னோடது. கல்யாணமான புதுசுல எடுத்தேன். தலைமாட்டுல என் பக்கத்துல வச்சிருந்தேன்." என் மேஜைப் பக்கம் கை காட்டினார். "அத மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டு வரட்டுமா?"

அந்தம்மாவின் பல்வரிசையை எத்தனையோ முறை பார்த்தவள் நான், எது என்று உடனே தெரிந்துவிட்டது. அதன்மேலிருந்த என் மூக்குக்கண்ணாடியை எடுத்துவிட்டு, முந்தானையால் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினேன். அந்தம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை நாள் பயமுறுத்திய கூட்டத்தில் தன் வாயும் இருந்திருக்கிறது.

"இது எதுக்கு?" என்றார், வாயை அளவாகத் திறந்து. "நானே வர்றேன்."

டாக்டர் வழக்கம்போலக் கை கழுவ எழுந்தார். பாதி வழியில் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, அந்தம்மாவின் முகத்தைப் பார்த்து, "என்ன சொன்ன?" என்று கேட்டார்.

அந்தம்மா மறுபடி சொன்னார்.