ஸ்டைலு கடைக் கண்ணாடி

அப்பா தையல்காரர். ஊரையே அளந்தவரைப் போன மாதம் ஒரு டாக்டர் அளந்தார். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, காலுக்குப் போகும் ரத்தம் போதவில்லை என்றார்.

"ரத்தக்குழாயோட உள் லைனிங்கை சிகரெட் கெடுத்திருக்கு. அதுக்கு அடியில கொழுப்பு புகுந்து, வருஷக்கணக்கா சேந்து, சுவரே தடிச்சுப்போச்சு. வழி குறுகிடுச்சு. நடந்தா கெண்டைக்கால் கூடுதலா ரத்தம் கேக்குது. கிடைக்கலை, அதான் வலிக்குது."

லைனிங் என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிரிச்சு, சுத்தம் பண்ணி, திரும்பத் தைச்சிட முடியாதா சார்?"

"அதெல்லாம் அப்புறம். மாத்திரை போடுங்க. சிகரெட்டை இன்னியோட விடுங்க. தினமும் வலிக்கிற வரைக்கும் நடங்க, நில்லுங்க, வலி விட்டதும் திரும்ப நடங்க. போகப்போக தூரம் கூடும். அலட்சியமா விட்டா காலையே எடுக்க வேண்டி வரலாம்."

கால் போனால் மிதிமெஷின் போச்சு. மெஷின் இல்லாத அப்பாவை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"காலு சரியில்லைன்னு தெரிஞ்சா எவன் துணி குடுப்பான்? யாரும் மூச்சு விடக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். துணைக்கு நான், நாலடி பின்னால்.

தெருவில் அத்தனை வாசல் இருக்க, வலி சரியாக ஸ்டைலு கடை வாசலில் பிடித்தது. ஸ்டைலு போட்டித் தையல்காரர். அப்பாவோடு பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா கண்ணாடி முன் நின்று, பொம்மைக்கு மாட்டியிருந்த கோட்டை ரசிப்பதாகப் பாவனை செய்தார். மறுநாளும் அங்கேதான் வலித்தது. அதற்கு மறுநாளும்.

சீக்கிரமே கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டப்பட்டது. அப்பா அசரவில்லை. நின்று பேப்பர் படித்தார். தினமும் அதே பேப்பர். காணாமல் போன நாய் விளம்பரம்கூட அவருக்கு மனப்பாடம்.

ஒரு நாள் ஸ்டைலு வெளியே வந்தார். "ஏண்ணே, என் கட்டிங்கைத் திருடுற அளவுக்கு வந்துட்டீங்களா?"

"அந்தக் கோட்டையா? ஒரு தோள் மேல, ஒரு தோள் கீழ. திருடினவனை போலீஸே பாவம்னு விட்டுரும்."

ஸ்டைலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைப்பதற்காக ஒரு சிகரெட்டை நீட்டினார். "சரி விடுங்க. இந்தாங்க."

அப்பாவின் கை பாதி வழி போய்விட்டது. வாங்கினால் கால் போச்சு. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அப்பா சிகரெட்டை மறுத்ததாகச் சரித்திரம் இல்லை.

கையை இழுத்துக்கொண்டார்.

"வேணாம்டா. கால்ல ரத்த ஓட்டம் சரியில்லை. இங்க வந்தாதான் வலி பிடிக்குது, அதான் நிக்கிறேன். போய் ஊர் பூரா சொல்லிக்கோ. மெதுவா தைப்பேன். ஆனா தைப்பேன்."

ஸ்டைலு நீட்டிய சிகரெட்டைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டார். "உள்ள வந்து உக்காருங்கண்ணே."

"உக்காந்தா நீயா நடப்ப?"

வலி விட்டிருந்தது. அப்பா கிளம்பினார்.

"எதுவரைக்கும் போறீங்க?"

"அடுத்த வலி வரைக்கும்."