கஸ்பார் கேட்ட பிளாக் குவாரி

கஸ்பாருக்கு உலகத்தில் பிடிக்காதவை நிறைய இருந்தன. சினிமாப் பாட்டு பிடிக்காது. ஹார்மோனியம் பிடிக்காது. பாட்டு கேட்கும்போது கைதட்டுகிறவர்களையும், தலையாட்டுகிறவர்களையும், நடுவில் இருமுகிறவர்களையும் பிடிக்காது. பிடித்தது ஒன்றே ஒன்றுதான். பெங்களூரில் நாலு பையன்கள் சேர்ந்து நடத்திய 'பிளாக் குவாரி' என்ற ராக் இசைக்குழு. அவர்கள் போட்ட முதல் கேசட்டை, பெங்களூர் பேக்டரியில் வேலை செய்த சித்தப்பா மகன் மரியசூசை எண்பத்து நாலாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு வாங்கிவந்து கொடுத்தான். அன்றைக்குப் பிடித்த பிசாசு மூன்று வருஷமாக இறங்கவில்லை.

அந்தக் கேசட்டில் பாடுகிறவனின் குரல் அப்படிக் கனமானது. ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அவன் அடுத்த வார்த்தைக்கு வருவதற்குள் நாம் எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆங்கிலத்தில் பாதி கஸ்பாருக்கு விளங்காது. விளங்காததைப் பற்றி அவன் கவலைப்படவும் இல்லை. "அவசரமே இல்லாதவன் பாடறான் பாரு. இதாண்டா பாட்டு" என்பான். அம்மா லூர்தம்மாள் ஒருநாள் ஆசையாக ஒரு மாதா பாட்டுக் கேசட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தக் குப்பையப் போட்டா டேப்பு ஹெட்டு அழுக்காயிரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். மூன்று வருஷத்தில் அந்த டேப் ரெக்கார்டர் பெட்டிக்குள் வேறு கேசட் நுழைந்ததில்லை.

கஸ்பாருக்குப் பாப்பிரெட்டிப்பட்டி ரேஷன் கடையில் எடை போடுகிற வேலை. ஆறு நாளும் மண்ணெண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் ஊரே அவனைத் திட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதை வேறு. சொந்த ஊரான அருளப்பட்டிக் கோவிலில் பாடகர் குழுவுக்கு அவன்தான் தலைவன். அவன் கையைத் தூக்கினால் பதினெட்டுப் பேர் வாயைத் திறப்பார்கள். இறக்கினால் மூடுவார்கள். அவன் சொல்வதை மனிதர்கள் கேட்கிற இடம் பூமியிலேயே அது ஒன்றுதான். அதை இழந்தால் தனக்கு மிச்சம் தராசும் படிக்கல்லும்தான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பதினெட்டுப் பேரைத்தான் அவன் பிளாக் குவாரியாக மாற்றப் பார்த்தான். கேசட்டின் சுருதிக்கு ஒத்துவரத் தன் கிட்டாரின் கம்பிகளைத் தளர்த்தினான். தளர்த்திய கிட்டாரோடு வியாகுலத்தின் ஹார்மோனியம் ஒத்துப்போகவில்லை. இருபது வருஷமாகக் கோவிலில் வாசித்தவர் அவர்.

"பொட்டி கெட்டுப்போச்சுங்க, வியாகுலண்ணா. எடுத்துட்டுப் போயிருங்க" என்று கஸ்பார் சொல்லிவிட்டான். அவரும் தூக்கிக்கொண்டு போனார். பிறகு எல்லாப் பாட்டும் நத்தை வேகத்துக்கு வந்தது. அவ்வளவு கீழே இறங்கிப் பாட முடியாமல் பெண்கள் திணறினார்கள். சனம் எல்லாம் நன்மை அப்பம் வாங்கி முடித்து, சாமியார் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து உட்கார்ந்த பிறகும் நன்மைப் பாட்டின் இரண்டாவது சரணம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஈஸ்டர் முடிந்ததும் பங்குச் சாமியார் கூப்பிட்டுவிட்டார். பிஷப் வருகிற மே மாதத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. "கஸ்பாரு, பாடற்பூசைக்கு மேற்றிராணியார் வர்றாரு. இப்படி இழுத்தா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் ஆசீர்வாதம் குடுக்க முடியும். குழுவ ராஜமேரிகிட்டக் குடுத்துடலாமா?"

ராஜமேரி ரவிக்கை தைக்கிற பெண். கோவில் வாசலுக்கு எதிர் வீடு. குழுவில் நன்றாகப் பாடுகிறவள் அவள்தான், அதனால்தான் கஸ்பாருக்கு அவளைக் கண்டால் ஆகாது. பதினெட்டுப் பேரும் சுற்றி நின்றிருந்தார்கள். கஸ்பாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சாமி, நான் புடிச்சிருக்கறது சும்மா வேகமில்ல. பெங்களூர்ல பெரிய பெரிய ஆளுங்க பாடற தாளகாலம். அவுங்க புதுக் கேசட்டு இந்த மாசம் வருது. அதுலயும் இதே காலம்தான் இருக்கும். வேகமா இருந்துதுன்னா, எல்லார் முன்னாலயும் சொல்றேன், கிட்டாரக் கீழ வெச்சுட்டு ஒதுங்கிக்கறேன்."

"சரி, கேட்டுட்டுச் சொல்லு" என்றார் சாமியார். அவருக்கு அதுவே பெரிய நிம்மதி.

மறு வாரம் ஊருக்கு இரண்டு புது வரவு. ஒன்று டிரான்ஸ்பார்மர். எட்டு வருஷமாக மனுப் போட்டுப் போட்டு, கடைசியில் சனிக்கிழமை காலையில் லைன்மேன் முனிராஜ் ஆட்களோடு வந்து மாட்டினான். அதுவரைக்கும் ஊரில் குண்டு பல்பு தக்காளிப் பழம் போலச் சிவந்துதான் எரியும், அதிலும் கஸ்பாரின் வீடு லைனின் கடைசி வீடு. இப்போது பகல் போல வெளிச்சம். லூர்தம்மாள் பல்பைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். கஸ்பார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவனுக்கு அடுத்த வரவுதான் முக்கியம். அதே சனிக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் மரியசூசை கொண்டுவந்து கொடுத்த புதுக் கேசட்.

பேர் 'மார்னிங் பஸ்'. பேரே கஸ்பாருக்குப் பிடிக்கவில்லை. கேசட்டைப் போட்டான்.

முதல் பாட்டு தடதடவென்று ஓடியது. பாடுகிறவன் குரல் மீசை முளைக்காத பையன் குரலாக இருந்தது. டிரம்மோ சந்தைக்கு ஓட்டிப்போகிற ஆட்டு மந்தையின் காலடி. இரண்டாவது பாட்டு அதைவிட மோசம், ஆரம்பித்த வேகத்தில் முடிந்தேவிட்டது. "யாருடா துரத்தறாங்க உங்கள?" என்று கஸ்பார் பெட்டியைப் பார்த்துக் கேட்டான். மரியசூசை மெல்ல, "நல்லாத்தானண்ணா இருக்குது, அங்க எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க" என்றான். அவனைக் கஸ்பார் பார்த்த பார்வையில் அவன் எழுந்து காப்பி குடிக்கப் போய்விட்டான்.

முதல் பக்கத்தில் ஒன்றும் தேறவில்லை. இரண்டாம் பக்கத்தில் முதல் இரண்டும் குப்பை. மூன்றாவது பாட்டு நடக்கும்போதுதான் ஏதோ நடந்தது. ஒரு வரியின் நடுவிலேயே குரல் இறங்கியது. கனத்தது. பழைய நடை வந்தது. கஸ்பாரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பாட்டு முடிந்து அடுத்தது பாதி வரைக்கும் அப்படியே இருந்து, மறுபடி ஓட்டம் பிடித்தது.

நாற்பது பக்க நோட்டில் கஸ்பார் எழுதினான்: 'பணமும் பேரும் வந்துவிட்டது, புத்தி போய்விட்டது. குரலை விற்றுவிட்டார்கள். காலேஜ் பெண்கள் ஆடுவதற்குப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில் மட்டும் தாங்கள் யார் என்று அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அந்த ஒரு பாட்டுக்காக மன்னிக்கலாமா என்று யோசிக்கிறேன்.' எழுதிவிட்டுத் தானே படித்துப் பார்த்தான். நன்றாக இருந்தது.

ஞாயிறு சாயங்காலப் பயிற்சியில் ராஜமேரி நேராகக் கேட்டாள். "புதுக் கேசட்டு எப்படீங்கண்ணா இருக்குது? வேகமா, மெதுவா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் மரியசூசை ஏற்கெனவே ஊரெல்லாம் பாடிக்காட்டியிருந்தான். "வேகம்தான்" என்றான் கஸ்பார். "ஆனா அது அவுங்க பாட்டே இல்ல. கெட்டுப்போயிட்டாங்க. மூணாவது பாட்டு ஒண்ணுதான் உருப்படி. அவுங்க நெசப் பாட்டு பழசுல இருக்குது. வந்து கேளுங்க எல்லாரும். கேட்டுட்டு அப்பறம் சொல்லுங்க, யாரு காலம் சரின்னு."

பதினெட்டுப் பேரும் ஊர்வலம் போலக் கஸ்பாரின் வீட்டுக்கு வந்தார்கள். சாமியாரும் வந்தார். வியாகுலம் கூப்பிடாமலே பின்னால் வந்தார். கஸ்பார் பழைய கேசட்டைத் துணியால் துடைத்து, நற்கருணைப் பேழையைத் திறக்கிறவன் போலப் பெட்டியைத் திறந்து போட்டான். ஒரு பொத்தானை அழுத்தினான். பிறகு எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

தடதடவென்று ஓடியது. மீசை முளைக்காத அதே பையன்.

கஸ்பார் நிறுத்தினான். கேசட்டை எடுத்துப் பார்த்தான். பென்சிலை விட்டுச் சுற்றினான். திருப்பிப் போட்டான். அதே பையன், அதே ஓட்டம். யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "டேப்பு இழுத்துக்கிச்சு" என்றான் கஸ்பார். "சரி, புதுசப் போடறேன். அந்த மூணாவது பாட்டக் கேளுங்க." அதுவும் ஓடியது. அவன் அழுத அந்த வரி, வந்ததே தெரியாமல் போய்விட்டது.

அடுத்த வீட்டில் பியூஸ் போட வந்திருந்த லைன்மேன் முனிராஜ், கூட்டத்தைப் பார்த்து எட்டிப்பார்த்தவன், விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"கஸ்பாரண்ணா, உங்க டேப்பு இத்தன வருசமா பட்டினியா ஓடியிருக்குதுங்க. கடேசி வூடு, கரண்டு எங்க வந்துச்சு? மெதுவாத்தான் சுத்தும். இப்பத்தான் வயித்துக்குச் சோறு கெடைச்சிருக்குது. பக்கத்து வூட்டு பேனு கூட நேத்து சுத்தின சுத்துல கொக்கியோட கழண்டு பியூஸு போயிருச்சு, அதுக்குத்தான் வந்தேன்."

"அப்ப நேத்து? மூணாவது பாட்டு மட்டும் நல்லாத்தான இருந்துது?"

"நேத்து எப்போ? வெளக்கு வெச்ச நேரமா? அப்ப ஒரு பேஸ் போயி கரண்டு கொறஞ்சிருந்துதுங்க. பத்து நிமிசம். நாந்தான் ஏறிச் சரி பண்ணேன்."

இப்போது யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. சிரிப்பு தெரு முனை வரைக்கும் கேட்டது. சாமியாரே தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியாகுலம் மட்டும் சிரிக்கவில்லை. "எம் பொட்டி கெட்டுப்போகல, கஸ்பாரு" என்றார். அவ்வளவுதான். மூன்று வருஷமாக மனசில் வைத்திருந்த ஒரு வார்த்தை. அந்தச் சிரிப்பையெல்லாம் தாங்கிக்கொண்ட கஸ்பாருக்கு அதைத் தாங்க முடியவில்லை. கிட்டாரைக் கொண்டுவந்து சாமியார் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் குப்புராஜின் மளிகைக் கடைக்குப் போனான்.

"டார்ச்சுல போட்டுத் தீந்துபோன பேட்டரி ஏதாச்சும் கெடக்குதுங்களா? ஆறு வேணும்."

"புதுசு கேக்கறவனப் பாத்திருக்கேன். செத்தத கேட்டு வர்றவன இப்பத்தான் பாக்கறேன்" என்று குப்புராஜ் ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார்.

வீட்டில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆறு செத்த பேட்டரியையும் பெட்டியில் அடைத்து 'மார்னிங் பஸ்'ஸைப் போட்டான். வந்தது. அந்தக் கனம், அந்தக் குரல். முதல் பாட்டு முழுக்க அற்புதமாக இருந்தது. நோட்டில் எழுதியதையெல்லாம் அடித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் இரண்டாவது பாட்டிலேயே சனியன் பிடித்த ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. இது பெங்களூர்ப் பையன்கள் பாடுவது அல்ல, ஆறு செத்த பேட்டரி பாடுவது. அந்த நாலு பேருக்கு இப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரியாது. அவன் மூன்று வருஷம் உயிரை விட்டது யாரும் பாடாத பாட்டுக்கு. வேகமாகக் கேட்டால் எரிச்சல், மெதுவாகக் கேட்டால் வெட்கம். கஸ்பார் பெட்டியை அணைத்தான். அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாகத் துக்கமாக இருந்தது.

அப்போது கோவிலிலிருந்து பயிற்சிச் சத்தம் கேட்டது. ராஜமேரியின் குரல் முன்னால், மற்றவர்கள் பின்னால். காணிக்கைப் பாட்டு. நன்றாகத்தான் இருந்தது, அது அவனுக்கு இன்னும் எரிந்தது. மூன்றாவது வரியில் எல்லாரும் அவசரப்பட்டு, பாதி வார்த்தையை விழுங்கினார்கள். கஸ்பார் பல்லைக் கடித்துக்கொண்டான். மறுபடி பாடினார்கள். மறுபடி விழுங்கினார்கள். மூன்றாவது தடவை அவனால் உட்கார முடியவில்லை. சட்டையைக்கூட மாட்டாமல், துண்டைப் போட்டுக்கொண்டு கோவில் வாசலுக்கு வந்துவிட்டான்.

"மாடு தண்ணி குடிக்கற மாதிரி முழுங்கறீங்களே, மூணாவது வரிய! அங்க நிக்கோணும். நின்னுட்டு எடுக்கோணும்!"

பாட்டு நின்றது. பதினெட்டுப் பேரும் அவனையே பார்த்தார்கள். ராஜமேரி சிரிக்கவில்லை.

"எங்களுக்கும் தெரியுதுங்கண்ணா. நிறுத்த வரமாட்டேங்குது. நீங்க வந்து அந்த வரிக்குக் கை காட்டுங்க."

"பாட்டு முழுக்கவா?"

"இல்லீங்க. அந்த ஒரு வரிக்கு. மத்ததுக்கு நான் காட்டிக்கறேன்."

கஸ்பார் அவளை மேலும் கீழும் பார்த்தான். ஒரு ரவிக்கைக்காரி தனக்கு ஒரு வரி அளந்து கொடுக்கிறாள். திரும்பிப் போய்விடலாம் என்று தெரு வரைக்கும் போனான். பிறகு வந்தான்.

திருவிழா அன்று மேற்றிராணியார் முன்னால், காணிக்கைப் பாட்டு தொடங்கியதிலிருந்து கஸ்பார் வலது கையை நெஞ்சுக்கு நேராகத் தயாராக வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். ராஜமேரியின் வேகம் அவனுக்குத் துளியும் பிடிக்கவில்லை. மூன்றாவது வரி வந்தது. கையைத் தூக்கினான். பதினெட்டுப் பேரும் அந்த வரியில் நின்றார்கள்.