ஜிலியனின் தலையணை நோயாளி

1

தொம்! தொம்! தொம்!

பக்கத்து வீட்டுச் சுவர் அதிர்ந்தது. என் தொடர்கதை நாயகி அப்போதுதான் விஷக் கோப்பையைக் கையில் எடுத்திருந்தாள். அவளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். இந்தக் கதை பிறந்தது அந்த ஓட்டத்தில்தான். (அவள் இன்னும் கோப்பையோடுதான் நிற்கிறாள். அடுத்த வாரம் பார்க்கலாம்.)

யூஸ்டஸ் வீட்டு முன்னறை. சுவரோடு கிடந்த வாங்குப் பலகையின்மேல் ஒரு தலையணை. யூஸ்டஸின் மகள் ஜிலியன் அதை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். வாங்கு போய்ச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. எதிரே கைத்தொலைபேசியில் நிமிடக் கணக்குப் பார்த்தபடி நிஸ்றா. அம்புலன்ஸில் வேலை செய்கிற ஏறாவூர்ப் பிள்ளை.

"நிப்பாட்டுகா. ஆள் மௌத்து. உசிர் போயிற்று."

"இன்னும் கொஞ்சம்!"

"என்னத்தக் கொஞ்சம்? தொடங்கக்குள்ள நல்லாத்தான் தொடங்கினாய். மறுகா பறக்கிறாய். நெஞ்சு எழும்ப முதல் திரும்ப அமுக்கினா, ரத்தம் எங்கால போறது?"

ஜிலியன் என்னைக் கண்டாள். "அன்ரி, இதையும் கதையில போடப் போறீங்களா?"

"இல்லை மகள்," என்றேன். அப்போதே முதல் வரி வந்துவிட்டது.

2

வந்த வரி இது: 'ஜிலியன் சிறுவயதிலிருந்தே பிறர் துன்பம் கண்டு உருகும்—'

பொய். சிறுவயதில் அவள் என் பூனையின் வாலில் பிளாஸ்டர் ஒட்டியவள். பூனைக்கு ஒரு காயமும் இல்லை.

இரண்டாவது: 'மட்டக்களப்பு வாவியின் மேல் நிலவு—'

நிலவுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

நடந்ததையே சொல்கிறேன். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் யூஸ்டஸ் வயலின், ஜிலியன் ரபான் மேளம். பறங்கியர் கலியாணத்தில் சோடி சோடியாக ஆடும் கப்ரிஞ்ஞா ஆட்டம் உச்சிக்கு ஏறும் நேரம், ஆடிக்கொண்டிருந்த ஒரு மனிதர் பொத்தென்று விழுந்தார். ஒருவர் சோடா உடைத்தார், ஒருவர் செபம் சொன்னார். அம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து குதித்த நிஸ்றா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் முழங்காலில் விழுந்து அமுக்கத் தொடங்கினாள். மூச்சுக் கொடுக்கிற பையைப் பிடிக்க ஆள் கேட்டபோது ரபானை எறிந்துவிட்டு ஓடியவள் ஜிலியன்.

மனிதர் கண் திறந்தார். (உண்மையாகவே திறந்தார். நான் சேர்த்ததல்ல.)

அடுத்த மாதமே ஜிலியன் அம்புலன்ஸ் வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டாள்.

3

எழுத்துப் பரீட்சை பிரச்சினை இல்லை. செய்முறையில்தான் விழுந்தாள். பயிற்சிப் பொம்மையின் நெஞ்சை நிமிடத்துக்கு நூறுக்குக் குறையாமல், நூற்றிருபதைத் தாண்டாமல், ஒரே சீராக அமுக்க வேண்டும். இவள் கை ஓட ஓட வேகம் ஏறியது.

வேறு யாருக்கும் வராத கோளாறு இது. கப்ரிஞ்ஞா கடைசியில் பறக்க வேண்டும். பறக்காவிட்டால் அது கலியாணமே இல்லை. பத்து வயதிலிருந்து ரபான் அடித்த கை அது. களைப்பு வந்தால் மற்றவர்களுக்குக் கை தளரும். இவளுக்கு ஆட்டம் முடியப்போகிறது என்று கை நினைத்துக்கொள்ளும்.

மறுபரீட்சை திங்கட்கிழமை. அதிலும் தவறினால் பயிற்சி அதோடு சரி.

சனிக்கிழமையோ ஜிலியனின் மச்சாள் இவோனின் கலியாணம்.

"பப்பா, இந்த ஒரு தரம் விடுங்க. அடிச்சா என்ட கை திரும்பப் பழுதாப் போகும்."

"சொந்தக் கலியாணத்துக்கு வெளி ஆளையா பிடிக்கிற?" என்றார் யூஸ்டஸ். "அம்புலன்ஸில ஏறினாப் பிறகு ரபானை ஆர் அடிக்கிற? அந்தத் தலையணையா?"

யூஸ்டஸை வில்லனாக்கலாமா என்று இந்த இடத்தில் யோசித்தேன். மீசை இல்லை. சரிவராது.

4

எனக்குக் கைவந்த முடிவுகள்:

வாகரைக் கரையில் ஒரு மீனவரைத் தூக்கி வருகிறார்கள். ஜிலியன் தனியாக நின்று— (பரீட்சை எழுதாமலே பாஸ் பண்ணிவிடுவாள். ஏமாற்று வேலை.)

கலியாணத்தில் யூஸ்டஸே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு— (பத்து வருடம் முந்தி என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பேன். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் இருமினாலே எனக்குப் பயமாக இருக்கிறது.)

பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கத்துகிறார். ஞாயிறு காலை கதை போக வேண்டும். பரீட்சையோ திங்கள். இதழ் உங்கள் கைக்கு வரும்போது முடிவு அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. பாஸா பெயிலா, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நேற்றுக் கலியாணத்தில் நான் கண்டதைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

5

கடைசி ஆட்டம். யூஸ்டஸ் வயலினைத் தாடையில் வைத்தார். ஜிலியன் முகம் வெளிறி ரபானை மடியில் ஏற்றினாள். சோடிகள் கைகோத்தன. நானும் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

தொடங்கியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. இனிப் பறக்கும் என்று எல்லோர் காலும் எழும்பின. வயலின் பறக்கவில்லை. ஜிலியனின் கை முந்தப் பார்த்தது. யூஸ்டஸ் அவளை ஒரு பார்வை பார்த்தார். கை திரும்பி வந்தது. மூன்றாம் சுற்று. நான்காம் சுற்று. அதே அடி. அதே அடி!

மூலையில் நிஸ்றா கைத்தொலைபேசியில் அடிகளை எண்ணிப் பார்த்தபடியே கதிரையை விட்டு எழும்பினாள்.

"கெதியா, யூஸ்டஸ்!" மாப்பிள்ளை வீட்டார் கத்தினார்கள். "என்ன மனிசன், கிழடு தட்டிற்றா?"

யூஸ்டஸ் வயலினிலிருந்து தாடையை எடுக்கவில்லை.

"ஆட ஏலுமான ஆக்கள் ஆடுங்க, ஏலாத ஆக்கள் குந்துங்க. திங்கக்கிழமை என்ட பிள்ளைக்குச் சோதனை."