போலாம்ப்பா

இளவரசன் குதிரையின் பிடரியை விலக்கி, சாவுக்கு வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கிட்டே இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? பாடைச்சுழி. ஆளத் தூக்காம வுடாது. எங்க அக்கா வூட்டுக்காரருக்கு யாரு சொல்றது? சொன்னா கேக்குற ஜென்மமா அது?"

வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் ஆமாம் என்றார். இன்னொருத்தர் ஒன்றில்லை, இரண்டு சுழி இருக்கிறது என்றார். பவுனு என்கிற அந்த வெள்ளைக் குதிரை தலையை உதறிக் காதைப் பின்னுக்குத் தள்ளியது. ஒன்பது வருஷமாகத் தினமும் அந்தப் பிடரியைச் சீவிவிட்டவர் பரசுராமன். அவர் கண்ணில் படாத சுழி, குதிரைக்குக் கிட்டே போகவே பயப்படுகிற மச்சினர் கண்ணில் இன்றைக்குக் காலையில் பட்டுவிட்டதாம். கொல்லைக் கதவில் நின்றுகொண்டிருந்த பரசுராமனின் மகள் கவிநிலாவுக்கு வயிறு எரிந்தது. அப்பா வாசல் பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். இங்கே குதிரைக்கு ஜாதகம் பார்க்கிறார்கள்.

"மாமா, அத வுடுங்க. பயப்படுது."

"அதுவா பயப்படுது? ஆளையே முழுங்கிட்டு நிக்கிது பாரு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி." இளவரசன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "மினி லாரிக்குச் சொல்லிட்டேன். ஆற்காட்டுப் பக்கம் ஒருத்தர் வண்டி இழுக்கக் கேட்டாரு. எடுக்கறதுக்குள்ள இது இந்த வூட்ட வுட்டுப் போயாவணும். உங்கப்பனும் இதுவும் ஒரே வாசல்ல இருக்கக் கூடாது கவி. எனக்கு மனசு கேக்கல."

சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. நாலு நாளாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடினவர் அவர்தான். மனுஷனை முழுசாகத் திட்டவும் முடியாமல் கவிநிலா பல்லைக் கடித்துக்கொண்டாள். சுழியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். குதிரை ஏன் எகிறி அப்பாவைக் கீழே தள்ளியது என்று இந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அடி அண்ணாமலையில் பரசுராமன் வீடு என்றால் குதிரைக்கார வீடுதான். கல்யாண ஊர்வலம், காதுகுத்து, கட்சிக்காரர் வரவேற்பு, எதற்கும் பவுனுதான் போகும். அவருக்குப் பெருமை ஒன்றே ஒன்று. "பத்தாயிரம் வாலாவப் பக்கத்துல கொளுத்து, எம் பவுனு கண்ணக் கூட சிமிட்டாது" என்பார். அது நிஜம். மாப்பிள்ளைகள் பயந்து நடுங்குவார்கள், பவுனு நட்டு வைத்த கல் மாதிரி நிற்கும்.

அந்தப் பெருமையில் கல்லைப் போட்டவள் எல்கா. திருவண்ணாமலையில் வெள்ளைக்காரர்களுக்கா பஞ்சம்? ஒருத்தர் தியானம் என்பார், ஒருத்தர் மௌனம் என்பார், இந்த அம்மாள் குதிரை என்றாள். செங்கம் ரோட்டில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, நொண்டுகிற குதிரைகளையும் அவற்றின் மேல் ஏறி முதுகு போனவர்களையும் கையால் தொட்டே சரிபண்ணிக்கொண்டிருந்தாள். டிகிரி முடித்த கவிநிலா அவளிடம் மொழிபெயர்க்கப் போய்ச் சேர்ந்து, இரண்டு வருஷத்தில் வேலையையே கற்றுக்கொண்டாள். மருந்து கிடையாது, அமுக்கிப் பிடிப்பது கிடையாது. ஈ வந்து உட்கார்ந்தால் எவ்வளவு கனமோ அவ்வளவுதான் கை. வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குதிரை கண்ணைச் சிமிட்டும், உதட்டை நக்கும், உள்ளே ஏதோ இறுக்கம் விட்டதும் வாயைப் பிளந்து கொட்டாவி விடும்.

ஊரே சிரித்தது. "இன்னா கவி, குதிரையத் தூங்க வெச்சுட்டியா? எங்க மாமியாருக்கும் வந்து ஒருவாட்டி கைய வெச்சுட்டுப் போயேன்" என்பார்கள். பரசுராமனும்தான் சிரித்தார். அவருக்கே இடது இடுப்பு சரியில்லை. பைக்கிலிருந்து விழுந்ததிலிருந்து சேணத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். அதனால் பவுனுவின் முதுகும் ஒரு பக்கம் கட்டை போட்டுக் கிடந்தது. குதிரைக்குப் பார்த்தால் போதாது, ஏறுகிறவருக்கும் பார்க்க வேண்டும் என்று கவிநிலா கெஞ்சினாள். ஒரே ஒரு நாள் கயிற்றுக் கட்டிலில் படுத்தார். பத்து நிமிஷத்தில் குறட்டை. எழுந்து, "ஒண்ணும் தெரியல. ஆனா நல்லாதான் கீது" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் எத்தனை கூப்பிட்டும் படுக்கவில்லை.

எல்கா பவுனுவைப் பார்த்த அன்றைக்கே ஒன்று சொன்னாள். இது தைரியமான குதிரை இல்லை. வலி பொறுக்க முடியாமல் கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிற குதிரை. அதனால்தான் வெடிக்கு அசையவில்லை, அதன் காதில் எதுவும் விழவேயில்லை. நீ கையை வைத்துத் திறந்தால் எல்லாம் ஒன்றாக உள்ளே வரும். முதல் கொட்டாவி விட்ட நாளிலிருந்து ஆறு வாரம் மேளம் வேண்டாம், வெடி வேண்டாம், கூட்டம் வேண்டாம். இதைச் சொல்லிவிட்டு வெயில் தொடங்கியதும் அவள் தன் ஊருக்குப் போய்விட்டாள்.

பவுனு முதல் கொட்டாவி விட்டு இருபதாம் நாள், வேங்கிக்காலில் ஒரு வரவேற்புக்குக் கூப்பிட்டார்கள். கவிநிலா பவுனுவின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பரசுராமன் வந்து பக்கத்தில் நின்றார்.

"இன்னாம்மா," என்றார், "கூட்டினு போலாமா? நீ சொன்னாதான்."

அவளைக் காலேஜில் எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று அவர் கேட்டதில்லை. போன தை மாசம் பெண் பார்க்க ஆள் வரச் சொன்னபோதும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, டாக்டர் முன்னால் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். கவிநிலாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னும் மூன்று வாரம் பாக்கி என்பது நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் "அதானே பாத்தேன்" என்று அவர் பழையபடி சிரித்துவிடுவாரோ என்று இருந்தது.

"போலாம்ப்பா. பவுனு இப்ப நல்லாயிடுச்சு."

போனார்கள். மாப்பிள்ளையை மண்டபத்தில் இறக்கிவிட்டு, திரும்புவதற்காகப் பரசுராமன் ஏறி உட்கார்ந்த நேரத்தில் யாரோ வாசலில் சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். ஒன்பது வருஷம் அசையாத குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றது. பரசுராமனின் பின்மண்டை ரோட்டு நடுச்சுவரில் பட்டது. அதற்கப்புறம் நாலு நாள் அவர் கண்ணைத் திறக்கவில்லை. நேற்று சாயங்காலம் முடிந்துவிட்டது.

லாரி சந்துக்குள் பின்னால் வந்து நின்றது. இளவரசன் கயிற்றை இழுத்தார். பவுனு நாலு காலையும் ஊன்றிக்கொண்டது.

"மாமா, கொஞ்சம் நில்லுங்க. குதிரை மேல தப்பில்ல. நான்தான்."

"நீ இன்னா?"

"நான் கை வெச்சு வெச்சுதான் அதுக்கு உணர்ச்சி வந்தது. முன்ன மாதிரி மரத்துப் போயிருந்தா வெடிக்கு எகிறியிருக்காது. ஆறு வாரம் வெளிய கொண்டு போகக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போலாம்னு சொன்னேன்."

சொல்லிவிட்டோம், இனி என்ன வேண்டுமானாலும் வரட்டும் என்று நின்றாள். இளவரசன் அவளைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு அவள் தலையில் கை வைத்து, "போம்மா, மூஞ்சியக் கழுவிக்கோ" என்றார். "ராத்திரியெல்லாம் தூங்கல பாவம், ஏதேதோ பேசுது. சும்மா கைய வெச்சதுக்கு ஒரு குதிரை மாறுமா? தடவிக் குடுத்து ஒருத்தன் செத்தான்னு எந்த ஊர்லயாச்சும் கேள்விப்பட்டிருக்கோமா?"

பேண்டு மேளக்காரர் காசி கூட, "மனசப் போட்டு கொழப்பிக்காத கவி. விதி" என்றார்.

கவிநிலாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. இரண்டு வருஷமாக இந்தக் கை வேலை செய்கிறது என்று ஒருத்தரை நம்பவைக்க அவள் தலைகீழாக நின்றாள். ஒருத்தரும் நம்பவில்லை. இப்போது அந்தக் கை ஒரு ஆளையே கொண்டுபோய்விட்டது, அதையும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்! ஆறுதல் சொல்கிறார்களாம், ஆறுதல். ஒரு அறை விட்டிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

அத்தை ராணியம்மாள், பரசுராமனின் அக்கா, அவள் கையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். "உங்கம்மாவப் போய்ப் பாருடி. நாலு நாளா ஒரு சொட்டு கண்ணீரு வுடல. எடுக்கறதுக்குள்ள அழுதுடணும், இல்லன்னா நெஞ்ச அடைச்சுக்கும். நீ போய் அழ வை."

அறையில் ரேணுகாம்பாள் தனியாக இருந்தாள். தம்பி கொண்டுவந்த கோடிப் புடவை மடிப்புக் கலையாமல் மடியில் கிடந்தது. கவிநிலா கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா. அன்னைக்கு அப்பா என்னக் கேட்டுட்டுதான் போனாரு. நான்தான் போலாம்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

"தெரியும்."

கவிநிலா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊருக்கே தெரியும், போ," என்றாள் ரேணுகாம்பாள், சுவரைப் பார்த்தபடி. "அன்னைக்குக் கெளம்புறப்ப ஒவ்வொரு எடமா நின்னு சொல்லினு போனாரு. டீக்கடையில சொன்னாரு. பூக்காரிகிட்ட சொன்னாரு. 'எம் பொண்ணு பாத்துட்டு போலாம்னு சொல்லிட்டா. இனிமே அது சொன்னாதான் பவுனு வாசலத் தாண்டும்'னு. அந்தக் காசிகிட்டயும் சொன்னாரு. அவங்க அத ஒரு பேச்சாவே எடுத்துக்கல. அவரு நம்பினாரு. அப்படி நம்பினாரு."

கவிநிலா வாயைப் பொத்திக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? இரண்டு வருஷம் சிரித்துச் சிரித்தே ஏமாற்றிவிட்டாரே!

"நாலு நாளா உம் மூஞ்சியப் பாக்கல நானு," என்றாள் ரேணுகாம்பாள். "பாத்தா எங்க கேட்டுடுவனோன்னு."

"கேளும்மா. யாராச்சும் கேளுங்க."

ரேணுகாம்பாள் முதல் தடவையாகத் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் வறண்டு கிடந்தது.

"கூடாதுன்னு தெரியுமில்ல? அப்புறம் இன்னாத்துக்குடி சொன்ன?"

"அவரு கேட்டாரும்மா." என்றாள் கவிநிலா. "என்னக் கேட்டாரு."

ரேணுகாம்பாள் முப்பது வருஷம் அவரோடு குடும்பம் நடத்தினவள். அவர் யாரையும் எதையும் கேட்கிறவர் இல்லை என்பதை அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியே லாரியின் பலகையில் குளம்பு வழுக்குகிற சத்தமும், "தள்ளுடா, பின்னாலேர்ந்து தள்ளு" என்று இளவரசன் போடுகிற கூச்சலும் கேட்டன.

ரேணுகாம்பாள் புடவையைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, கொல்லைக் கதவைத் திறந்தாள்.

"இளவரசா. கயித்த வுடு."

"அக்கா, இதுல சுழி..."

"சுழியும் இல்ல ஒரு எழவும் இல்ல. அவரு கேக்க வேண்டியவங்களக் கேட்டுட்டுதான் போனாரு. லாரியத் திருப்பி அனுப்பு."

"நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத, ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும்."

இளவரசன் கயிற்றை விட்டார். "சரி, காரியம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று யாருக்கோ சொல்வதுபோல முணுமுணுத்தார். பவுனு பலகையிலிருந்து பின்வாங்கி இறங்கித் தானாகவே போய் அதன் இடத்தில் நின்றது. அதன் விலாவெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது.

ரேணுகாம்பாள் கதவைச் சாத்தினாள். பழைய இடத்தில் உட்காரப் போனவள், பாதி குனிந்து நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.

"ஆஸ்பத்திரி பெஞ்சுல ஒக்காந்து ஒக்காந்து முதுகு பலகையாக் கீது," என்றாள். பிறகு கவிநிலாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "கைய வையி."

கவிநிலா கையை நீட்டினாள். ஜாக்கெட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கை நின்றுவிட்டது. வேண்டாம் என்று தோன்றியது. இந்த வீட்டில் இன்னும் ஒன்றைத் திறந்துவிட அவளுக்குத் தைரியம் இல்லை.

"அம்மா, இப்ப வேணாம்மா."

"வையிடி."

வாசலில் காசியின் ஆட்கள் மேளத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தார்கள். எடுக்க நேரமாகிறது என்று ராணியம்மாள் யாரையோ அதட்டினாள். கவிநிலா இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கையை வைத்தாள். அழுத்தவில்லை. உள்ளங்கைக்கடியில் அம்மாவின் முதுகு கட்டையாக இருந்தது, அப்படியே இருந்தது, பிறகு, ரொம்ப உள்ளே, எங்கேயோ லேசாக அசைந்தது.

அவள் கையை எடுக்கவில்லை.