அடிக்காத ஆணி

கோலியனூர் மண்ணாங்கட்டி இந்த உலகத்தில் நம்பியது இரண்டே ஜீவன்களைத்தான். இரண்டும் அவன் வண்டி மாடுகள். அதிலும் இடப்பக்கத்து மாட்டின் மேல் அவனுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவனுக்கு முன்னால் பிறந்த மூன்றும் செத்துப்போனதால், எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அவன் அம்மா வைத்த பேர் அது. எமனை ஏய்த்துவிட்டோம் என்று வீட்டில் எல்லாருக்கும் பெருமை. எமன் என்ன அவ்வளவு மடையனா என்று அவன் மட்டும் கேட்பான்.

அப்பேர்ப்பட்டவன் வாசலில் ஆடிச் செவ்வாயன்று பட்டப்பகலில் பம்பை முழங்கியதென்றால், அதற்குக் காரணம் அவன் மகள் ஜெயம்.

ஜெயத்துக்குப் பதினாலு வயது. உலகச் சண்டைக்காலம், மண்ணெண்ணெய்க்குத்தான் பஞ்சம், பேதிக்கு இல்லை. சித்திரையில் பேதி வந்து அவள் தம்பி வேங்கடேசன் போய்விட்டான். ஆறு வயசுப் பிள்ளை. ஊரே அழுதபோது ஜெயம் அழவில்லை. பாத்திரம் துலக்கினாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். என்ன பொறுப்பான பெண் என்று எல்லாரும் மெச்சினார்கள். மெச்சி முடிப்பதற்குள் அவள் சோற்றை நிறுத்தினாள். அப்புறம் பேச்சை நிறுத்தினாள். அவளுக்கு வைத்த கேப்பைக்கூழில் முக்கால்வாசியை ஈ சாப்பிட்டது. குளத்துக்குப் போய் ஒரு குடம் மொண்டு வா என்றால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விழுப்புரத்தில் ஒரு டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ரத்தம் கம்மி என்று ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். மண்ணாங்கட்டி அதை மோந்து பார்த்து, முதலில் மாட்டுக்கு ஊற்றினான். மாடு இரண்டு நாள் ஜோராக நடந்தது. மகளுக்குக் கொடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை. கட்டிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள் எதிர்வீட்டுக்காரர்கள்.

"கட்டிக்கினு போறவனுக்கு ஆரு வைத்தியம் பாக்கறது?" என்றான் மண்ணாங்கட்டி.

அவன் முடிவு, அவளுக்கு வேலை செய்ய வலிக்கிறது என்பதுதான். இரண்டு அறை அறைந்தும் பார்த்தான். அவள் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. அதற்கப்புறம் அவன் கையை ஓங்கவில்லை.

"ஏன்யா, வயசுப் பொண்ணு, உச்சிவேளையில கொளத்தாண்ட போய் பயந்துக்கினு வந்திருக்கா. ஜல்தியா முருகையனக் கூட்டுக்கினு வா" என்றாள் பெண்டாட்டி குப்பம்மாள்.

முருகையன் பம்பைக்காரர். பேய் ஓட்டுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. பேய் தன் பேரைச் சொல்ல வேண்டும். கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு பெண் தலையில் ஒரு கல்லை ஏற்றிப் புளியமரம் வரை ஓடவிட்டு, உச்சிமயிர் ஒரு கொத்தை மரத்தோடு வைத்து ஆணி அடித்து அறுத்துவிடுவார். பேய் மரத்தில் தங்கிவிடும். அப்புறம் வாயே திறக்காது. பெண்ணும் முன்போல அடக்கமாக இருப்பாள். அதற்கு அவர் பொறுப்பு.

ஜெயத்தை நடுவில் உட்காரவைத்துத் தலையை அவிழ்த்துவிட்டார்கள். பம்பை காதைப் பிளந்தது.

"ஆருடி நீ? பேரச் சொல்லு!"

மூன்று தரம் கேட்டார். ஜெயத்தின் தலை ஆடியது. இரண்டு மாதம் பேசாத தொண்டையிலிருந்து கரகரவென்று வந்தது குரல்.

"தம்பிக்குக் கொளத்துத் தண்ணி குடுத்தவ."

முருகையனுக்கு முகமெல்லாம் பல். "கேட்டுக்கினீங்களா? கொளத்துல வுழுந்து செத்தவ இவ!"

தெருவும் சும்மா இருக்கவில்லை. "போன வருஷம் வுழுந்தாளே, வண்ணான்துறையாண்ட, அவதான்!" என்று செத்தவளுக்கு விலாசமே கொடுத்துவிட்டது.

மண்ணாங்கட்டிக்கு மட்டும் விஷயம் தெரியும். அந்த வார்த்தை எந்தச் செத்தவளுடையதும் இல்லை. அவனுடையது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று, குடத்தோடு நின்ற மகளைப் பார்த்து, "நீதானடி அவனுக்குக் கொளத்துத் தண்ணி குடுத்தவ" என்றான். ஒரே தரம். சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

"இன்னா வோணும் ஒனக்கு? சாராயமா? சுருட்டா? கறுப்புக் கோழியா?" முருகையன் அடுக்கிய வரிசையைப் பார்த்தால் பேயைவிட அவருக்குத்தான் தாகம் என்று தெரிந்தது.

"ஒண்ணும் வோணாம். என்னையும் கொளத்துல தள்ளிடுங்க."

பம்பை ஒரு நொடி தடுமாறியது. முருகையன் சமாளித்துக்கொண்டார். "தொணைக்கு ஆளு இழுக்குது பாரு! ஆணிய எடு!"

"நிறுத்துய்யா!" என்று மண்ணாங்கட்டி நடுவில் வந்து நின்றான். "அவ பேயில்ல. அது நான் சொன்ன சொல்லு."

"அண்ணே, நீங்க பேஜாரு பண்ணாதீங்க" என்றார் முருகையன்.

"அட சும்மா இரு. பேதி வந்த அன்னிக்கித் திண்டிவனத்துக்கு மல்லாட்டை மூட்ட ஏத்திக்கினு போனனே, புள்ளையும் வண்டில வந்தான். அங்க சந்தையில ஈ மொய்ச்சிக்கினு இருந்த சர்பத்த நான்தான் வாங்கிக் குடுத்தேன். திரும்பி வரப்ப வண்டிலயே வவுத்த வலிக்குதுன்னான். நாலு தரம் எறக்கி வுட்டேன். ஊட்டுக்கு வந்த அப்பறந்தான் இவ தண்ணி குடுத்தா."

தெரு வாயை மூடிக்கொண்டது. குப்பம்மாள் மூடவில்லை. "அடப்பாவி மனுசா! மூணு மாசமா நெஞ்சுக்குள்ள வச்சிக்கினு எம்பொண்ண அறஞ்சியா நீ?" கையில் இருந்த முறம் பறந்து வந்து அவன் தோளில் பட்டது. அவன் தடுக்கவில்லை.

முருகையன் மெல்லக் கனைத்தார். "அது உங்க குடும்ப சமாசாரம். பேரு சொன்ன பேய சும்மா வுடக்கூடாது. மயிரக் குடுங்க, ஆணி அடிச்சிட்றேன்."

"அடிச்சா அப்பறம் வாயத் தெறக்காதுன்ன இல்ல?" என்று கேட்டான் மண்ணாங்கட்டி.

"தெறக்கவே தெறக்காது."

"அப்ப வோணாம் போ. ரெண்டு மாசம் கழிச்சி இப்பதான் தெறந்திருக்குது. பேயோ பொண்ணோ, பேசிக்கினு கெடக்கட்டும். எம்பொண்ணு மயிர்ல கை வச்சா பம்பைய ரெண்டா கிழிச்சிடுவேன். கோழிய எடுத்துக்கினு கெளம்பு."

கோழி என்றதும் முருகையனுக்கு நியாயம் விளங்கியது. சாராயத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்.

ஜெயம் தலைவிரிகோலமாகப் புழுதியில் உட்கார்ந்திருந்தாள். மண்ணாங்கட்டி எதிரே போய்க் குந்தினான். மாட்டோடு பேசிய வாய். மகளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"நைனா."

"இன்னாம்மா?"

"சர்பத்து இன்னா கலரு?"

"செவப்பு."

"முழுசும் குடிச்சானா?"

"ஒரு சொட்டு வுடல. டம்ளர் அடியில வெரல வுட்டு நக்கினான். கடக்காரன் திட்டினான்."

ஜெயத்தின் வாய் கோணியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. வெகுநேரம் வந்தது. குப்பம்மாள் ஓடிவந்து அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு பாடு அழுது மூக்கைச் சிந்திவிட்டு ஜெயம் மறுபடியும் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஏன் வாங்கியாரல?"

"எப்படிடி? சர்பத்த மூட்டையிலியா கட்டிக்கினு வர முடியும்?"

"ஒரு மிட்டாயாவது வாங்கியாந்தியா? ஏன் என்ன அறஞ்ச? ஏன் அப்படிச் சொன்ன?"

அவள் விடுவதாக இல்லை. பொழுது சாயும் வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதியில் ஒரு சட்டி கூழ் உள்ளே போனது. குடித்துவிட்டு இன்னும் சத்தமாகக் கேட்டாள். கொட்டகையில் மாடுகள் பசியில் கத்தின. மண்ணாங்கட்டி எழுந்து போகவில்லை.